டர்போ ஹோஸும் என் மகள் தலையும்

என் வீட்டுக்காரருக்குக் கோபப்படத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை இப்படித்தான். நடந்ததை அவரிடம் கேட்டால், "ஹோஸு கிழிஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு" என்று முடித்துவிடுவார். என்னால் அப்படி முடிக்க முடியாது. முடிக்கவும் மாட்டேன்.

அவர் லாரி டிரைவர். இப்போது வேறு ஒருவருடைய வண்டியை ஓட்டுகிறார். அப்போது ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரே ஒரு லாரி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் ஆறு வருடமாக இருந்தார். சாயங்காலம் திருப்பாலைக்குடியில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மதுரை மார்க்கெட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் வெறும் பெட்டிகளோடு திரும்புவார். பிறகு மத்தியானம் வரை தூக்கம். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஆதார் நகல் எடுக்கவும் தாலுகா ஆபீசுக்கு மனு டைப் அடிக்கவும் ஊரே அங்கே வரும். அதனால் எந்தச் செய்தியும் எனக்குத் தாமதமாக வந்ததில்லை, எங்கள் வீட்டுச் செய்தி உட்பட.

தை மாதக் கடைசியில் அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "வண்டி மூச்சு வாங்குது." லோடு ஏற்றிப் பாலத்தில் ஏறினால் இழுவை இல்லை, மிதித்தால் கரும்புகை தள்ளுகிறது, எங்கோ 'உஸ்' என்று ஒரு சத்தம், வண்டியை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடுகிறது. முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். மூன்று தடவை சொல்லிவிட்டாராம். "பாப்போம் தம்பி, பழைய வண்டிதான" என்று மூன்று தடவையும் பதில் வந்ததாம். வண்டி கெட்டதைச் சொன்னபோது முதலாளிக்குக் காது கேட்கவில்லை. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் போன வண்டி ஐந்துக்கு இறங்கியதும் அவருக்குக் கண், காது, மூக்கு எல்லாம் திறந்துகொண்டன.

வண்டியை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மெக்கானிக்கிடம் விட்டார்கள். அந்த மனிதர் பானெட்டைத் தூக்கி, வண்டியை நின்ற இடத்திலேயே உறுமவிட்டு, டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் பார்த்தார். பிறகு முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே, "வண்டி டீசல் குடிக்கலண்ணே. வேற யாரு குடிக்கிறாகன்னு பாருங்க" என்று சொன்னார். தனக்குப் பிடிபடவில்லை என்று சொல்ல வாய் வராத மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஸ்பேனர் இருந்தாலும் ஆபத்து, ஸ்டெதஸ்கோப் இருந்தாலும் ஆபத்து. அந்த மெக்கானிக்கை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அது அவர் அதிர்ஷ்டம்.

திரும்பி வரும் வழியில், வண்டிக்குள்ளேயே, முதலாளி கேட்டிருக்கிறார். "ஏன் தம்பி, வழியில எங்கயும் இறக்குறியா?"

எதை இறக்குகிறாய் என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. டிரைவராக இருப்பவருக்கு அந்தக் கேள்வி என்னவென்று தெரியும். இந்த இடத்தில் நானாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டியிருப்பேன், கேட்டவர் நடந்தே ஊர் வந்து சேர்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் பதறிப்போய்ச் சொன்னார், "உங்க வண்டியில ஒரு சொட்டு டீசல் நான் தொட்டதில்லண்ணே, எம்புள்ள சத்தியமா."

எங்கள் பக்கத்தில் இது வாயில் எச்சில் ஊறுவதுபோல வந்துவிடும். மீன்காரி விலை சொல்லும்போதும் பிள்ளை சத்தியம், கடன் கேட்பவனுக்கு இல்லையென்று சொல்லும்போதும் பிள்ளை சத்தியம். கேட்பவரும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார். ஆனால் முதலாளி விடவில்லை. பிடித்துக்கொண்டார்.

"புள்ள சத்தியம்னு சொல்லிட்ட. அப்ப வெள்ளிக்கெழம கருப்பரு கோயிலுக்கு வா. சூடத்த அடிச்சு அதயே சொல்லிரு. எனக்கும் மனசு தீந்துரும், ஒனக்கும் நல்லது."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. சாமி முன்னால் தட்டில் சூடம் எரியும். ஒரு கையைப் பிள்ளையின் தலையில் வைத்து, குற்றம் செய்யவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, இன்னொரு கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைக்க வேண்டும். சொன்னது பொய்யானால் கை வைத்த தலைக்குத்தான் கேடு. வரமாட்டேன் என்றால் திருடியதை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். போலீஸ், கோர்ட் எல்லாவற்றுக்கும் அப்பீல் உண்டு. இதற்கு இல்லை.

அது திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"யாரக் கேட்டு அவ தலையக் குடுத்தீக?"

"வாய் தவறி வந்துருச்சு."

"தவறி வந்தா உங்க தலைய வச்சுச் சொல்ல வேண்டியதுதான? ஒங்களுக்கும் ஒண்ணு இருக்குல்ல?"

எங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. உள்ளே வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் வாயைக் கொடுத்து மகளை மாட்டிவிட்டு வந்திருந்தார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் முதலாளி மேல் வந்ததற்குக் குறைந்ததில்லை.

சரி, உண்மையைத்தானே சொல்லப் போகிறார், சொல்லிவிட்டு வரட்டும், பயமென்ன என்று கேட்கலாம். ஊரே அதைத்தான் கேட்டது. நானும் ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன். அப்போதுதான் அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார், "ஒரு சொட்டுன்னு சொல்லிட்டேன். போன வருசம் அடிபம்பு போல்டு இறுகிப்போச்சுன்னு அரைப் பாட்டிலு டீசல் கொண்டாந்தேன்ல."

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான எடுத்தீக?"

"சொல்லிட்டுத்தான் எடுத்தேன். இருந்தாலும் தொட்டேன்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவே தண்ணீர் அடிக்கிற பம்பு அது. அதன் துருவை இளக்க, கேட்டு வாங்கிய அரைப் பாட்டிலை ஒரு வருடமாக நினைவில் வைத்திருக்கிற மனிதரைத்தான் இவர்கள் திருடன் என்கிறார்கள். நிஜத் திருடனாக இருந்தால் வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் சூடத்தை அடித்துவிட்டு, சனிக்கிழமை மறுபடி டேங்க்கில் டியூப் போட்டிருப்பான். சத்தியம் யாரைப் பிடிக்கிறது பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை கடையில் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒரு அக்கா, தாள் வெளியே வரும்வரை பொறுக்க முடியாமல் கேட்டார், "வெள்ளிக்கெழம சத்தியமாமே?" பிறகு, தன் பங்குக்கு, "நெருப்பில்லாமப் பொகயுமாத்தா" என்றார். புகைந்தது லாரி, என் வீட்டுக்காரர் இல்லை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. நகல் கறுப்பாக விழுந்துவிட்டது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் மகளை மடியில் சாய்த்துப் பேன் சீப்பு போட்டு வாரிக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்தபடியே கேட்டாள், "அம்மா, அப்பா பொய் சொன்னா நான் செத்துப்போவேனா?"

சீப்பு நின்றுவிட்டது. யார் சொன்னது என்று கேட்டேன். ஸ்கூலில் பேசிக்கொள்கிறார்களாம்.

"ஒங்கப்பா பொய் சொல்ல மாட்டாக."

"தெரியாமச் சொல்லிட்டா?"

எட்டு வயதுப் பிள்ளை. அவளுக்கு நான் என்ன சொல்வது? அரைப் பாட்டில் விஷயம் அவளுக்குத் தெரியாது. ஆனால் குறி தப்பாமல் அதே இடத்தில் வந்து நின்றாள். அன்று இரண்டு பேன்தான் அகப்பட்டன. அதற்குமேல் வார எனக்குக் கை ஓடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த வண்டிக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் பஞ்சர் கடையில் வளர்ந்தவள். ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் எங்கள் அய்யா நடத்திய கடையை இப்போது தம்பி நடத்துகிறான். கல்யாணம் வரை சைக்கிள் டியூபிலிருந்து டிராக்டர் டியூப் வரை நானும் ஒட்டியிருக்கிறேன். பஞ்சர் கடையில் முதல் நாள் வேலைக்கு வருபவனுக்கும் ஒரு விஷயம் தெரியும். காற்றில்லாத டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேட முடியாது. காற்று ஏற்றினால்தான் ஓட்டை வாயைத் திறக்கும்.

வியாழக்கிழமை அவர் மதுரையிலிருந்து திரும்பியதும் தூங்கவிடாமல் கேட்டேன். அந்த 'உஸ்' சத்தம் எப்போது வருகிறது? லோடோடு மிதிக்கும்போது. நின்றால்? வராது. மிதிக்கும்போது என்ன நடக்கிறது? டர்போ காற்றை அமுக்கித் தள்ளும். எது வழியாக? கைத் தடிமனான ரப்பர் ஹோஸ் வழியாக, இஞ்சினுக்கு. அப்படியானால் நின்ற வண்டியில் அந்த ஹோஸுக்குள் அமுக்கம் இருக்காதா? இருக்காது.

"அப்ப அந்த மெக்கானிக்கு காத்தில்லாத டியூபுலயா ஓட்ட தேடுனான்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

தம்பி கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம். பிளம்பிங் கடையில் ஒரு பி.வி.சி. மூடி வாங்கினேன். பழைய டியூபிலிருந்து வால்வை வெட்டியெடுத்து, மூடியில் துளை போட்டு, உள்ளே வாஷர் வைத்து இறுக்கினேன். ஏர் பில்டரிலிருந்து டர்போவுக்குக் காற்று நுழைகிற குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் இந்த மூடியைச் செருகி, கிளிப் போட்டு முடுக்கினார் என் வீட்டுக்காரர். தம்பி கம்ப்ரசர் ஹோஸை வால்வில் வைத்தான். "மெல்ல விடு, வெடிச்சிறப் போகுது" என்று சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு நான் தடவிக்கொண்டே வந்தேன்.

மேலே ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. அடிப்பக்கம் கண்ணுக்கு எட்டவில்லை, கையைத்தான் விட முடிந்தது. உப்புக்காற்றில் துருவேறிய ஒரு கிளிப், அதன் ஓரத்தில் பிரஷ் பட்டதும் 'பொத பொத'வென்று நுரை என் மணிக்கட்டில் வழிந்தது. காற்றை நிறுத்தச் சொன்னேன். நுரை நின்றது. மறுபடி விடச் சொன்னேன். வழிந்தது. கழற்றிப் பார்த்தால், துருவேறிய கிளிப்பின் விளிம்பு ரப்பரை அறுத்து, நடுவிரல் நீளத்துக்குக் கிழிசல். சும்மா இருக்கும்போது உதடு மூடிய வாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போக வேண்டிய காற்றில் பாதி அதன் வழியாக வெளியே போயிருக்கிறது. காற்றுப் பற்றாமல் டீசல் கரும்புகையாகப் போயிருக்கிறது. ஊர் முழுக்கப் பார்க்கும்படி, புகைக்குழாய் வழியாக, பட்டப்பகலில் போன டீசலைத்தான் என் வீட்டுக்காரர் திருடியிருக்கிறார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். வந்தார். ஹோஸைத் திரும்ப மாட்டி, காற்றை விட்டு, நுரையைக் காட்டினோம். பிறகு கழற்றி, கிழிசலை விரித்து, கையில் கொடுத்தோம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, இதுதானா" என்றார்.

நான் காத்திருந்தேன். அதற்கு அடுத்த சொல்லுக்காக. மனிதர்கள் இந்த இடத்தில் ஒரு சொல் சொல்வார்கள். பெரிய மன்னிப்பு எல்லாம் வேண்டாம், "தப்பா நெனச்சுட்டேம்ப்பா" போதும். அவர் கெட்டவரும் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர், மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். அதனால்தான் காத்திருந்தேன்.

"சரி தம்பி, இன்னைக்கே புது ஹோஸு வாங்கி மாட்டிரு" என்றார். ஹோஸை இருக்கையில் போட்டுவிட்டு, பைக்கைக் கிளப்பும்போது சொன்னார், "நாளைக்கு நேரத்தோட கோயிலுக்கு வந்துருங்க."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம் வந்தது. "எதுக்குண்ணே?" என்றேன்.

"சத்தியத்துக்குத்தான்."

"அதான் கண்டுபிடிச்சாச்சே."

"அது வேற, இது வேறத்தா. வாய்விட்டுச் சொன்னது கருப்பரு காதுல விழுந்துருச்சு. பூசாரிட்டயும் சொல்லியாச்சு. பண்ணாம விட்டா எனக்குல்ல குத்தம் வரும். ஊரு வேற என்னமாச்சும் பேசும். உண்மையத்தான சொல்லப் போறாரு, சொல்லிட்டுப் போகட்டுமே."

திருடவில்லை என்று தெரிந்துவிட்டது. கையால் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் தன் தலைக்குக் குற்றம் வராமலிருக்க என் மகள் தலை வேண்டுமாம். நான் என்னவெல்லாம் பேசினேன் என்று இங்கே எழுதவில்லை. தம்பி கம்ப்ரசரைப் போட்டுவிட்டான், ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்காமலிருக்க. முதலாளி, "ஆத்தா கோவமா இருக்கு, நீயாச்சும் வெளங்கிக்க தம்பி" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். இவர் கிழிந்த ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் ராமநாதபுரம் போய் புது ஹோஸும் புது கிளிப்பும் வாங்கிவந்து, அவரே மாட்டினார். சாயங்காலம் லோடு ஏற்றிப் போனார். காலையில் வந்து, "வண்டி நல்லாப் போகுது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

போக வேண்டாம் என்றேன். "போகாட்டி அவ ஸ்கூலுல கேப்பாகல்ல" என்றார்.  வெள்ளிக்கிழமை மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சடை பின்னி, கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை.

கண்மாய்க் கரையில் கோயில். முதலாளி, மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டி சரியானதற்குப் பொங்கல் வைக்கிறார்களாம். பானை பொங்கிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், ரேஷன் கார்டு அக்காவும் ஒருவர். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி, "வாப்பா" என்றார்.

என் வீட்டுக்காரர் முன்னால் போனார். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். மகள் தலையில் கை வைப்பார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே" என்றது அவர் குரல். கண்ணைத் திறந்தேன். சாமியைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்து நின்றார். குரல் உயரவில்லை, வண்டியில் காற்று குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நான் பண்றேண்ணே. எனக்கு முன்னால நீங்க ஒண்ணு பண்ணுங்க. நான் திருடலைன்னு உங்களுக்கு நேத்தே தெரியும். தெரியாதுன்னா, தெரியாதுன்னு உங்க மகன் தலையில கை வச்சுச் சொல்லுங்க. பெறகு நான் எம்மக தலையில வைக்கிறேன்."

 ஆறு வருடத்தில் அவர் முதலாளியிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. என்னிடமே பேசியதில்லை. பூசாரி தட்டை முதலாளி பக்கம் திருப்பினார்.

முதலாளியின் கை எழுந்தது. ஆனால் அது மகன் தலைக்குப் போகவில்லை. அவன் தோளைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"புள்ளய எதுக்குப்பா இதுல இழுக்குற?" என்றார். "அவன் சின்னப் புள்ள."

 சூடம் எரிந்து தானாக அணைந்தது. என் மகள்தான், என் கையைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இல்லம்மா, அவன் என்னய விடப் பெரியவன். எங்க கிளாஸ் லீடரு."